கதிர் எண்ணும் பெட்டி

மாதம்மாள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சாக்கால் சுற்றி, மேலே ஒரு கையைப் போட்டிருந்தாள். மூன்று மைல் வெயிலில் நடந்து வந்த எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"நீங்கதான் கதிர் எண்ணுற ஆளுங்களா?"

ஆமாம் என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. பெங்களூரில் எனக்குக் கொடுத்திருந்த வேலையே அதுதான். ஆனால் அந்த 'ஆமாம்' வாயை விட்டு வந்த நிமிஷத்திலிருந்து மறுநாள் உச்சிப்பொழுது வரை நான் பட்ட குழப்பம் இருக்கிறதே, அப்படி அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. எது எங்கே பிசகியது என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. பிசகியதா என்பதிலேயே தெளிவில்லை.

சென்ற வாரம் பெங்களூர் வாடகை அறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, 'ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன் என்கிறீர், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மூட்டைப்பூச்சிதான் வருகிறது, விஞ்ஞானம் எப்போது வரும்?' என்று ஒரு வாசகர் கோபித்திருக்கிறார். நியாயமான கோபம். இந்த வாரம் முழுக்க விஞ்ஞானம்தான். எனக்குப் புரிந்த அளவுக்கு என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூரியனுக்கு அம்மை

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகியிருக்கும். யுத்தம்தான் முடிந்ததே தவிர ரேஷன் முடியவில்லை. தர்மபுரியில் என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, பெங்களூரில் தற்காலிக உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். சக்கரத்துக்குக் கம்பி கட்டிப் பழகிய கை, பெட்டிக்குள் கம்பி கட்டவும் உதவும் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. பௌதிகத்தில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்து எடுத்திருக்க நியாயமில்லை.

எங்கள் புரொபசர் ஒருநாள் காலையில் தொலைநோக்கியின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதில் சூரியனை விழவைத்துக் காட்டினார். தோசைக்கல் அளவுக்கு வட்டமாக விழுந்தது. அதன் மேல் கூட்டம் கூட்டமாகக் கரும்புள்ளிகள். "சூரியனுக்கு அம்மை போட்டிருக்கிறது சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் எதற்குமே சிரித்ததில்லை.

பத்துப் பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் புள்ளிகள் பெருகுமாம். அப்போது சூரியன் ஒரு நிலையில் இருக்காதாம், கொந்தளிக்குமாம். அங்கே கொந்தளித்தால் இங்கே காந்த முள் தானாக ஆடும், தந்திக் கம்பியில் யாரும் அனுப்பாத மின்சாரம் ஓடும், தூரத்து ரேடியோ நிலையங்கள் திடீரென்று ஊமையாகிவிடும் என்றார்.

ரேடியோ விஷயத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் சாப்பிடும் ஓட்டலில் ஒரு ரேடியோ இருந்தது. ஒருநாள் பட்டப்பகலில் லண்டன் செய்தி பாதி வாக்கியத்தில் நின்றுபோனது. முதலாளி அதன் தலையில் தட்டினார். பிறகு மொட்டை மாடிக்கு ஏறி ஏரியல் கம்பியைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் லண்டன் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ரேடியோ கரகரத்தால் புளி வாங்கத்தான் ஆள் அனுப்புவார். சூரியன்தான் காரணம் என்று நான் எடுத்துச் சொன்னபோது, ஓட்டல் முழுவதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

இதுவரையில் எனக்குப் புரிந்தது. இனிமேல் வருவதுதான் கஷ்டம். சூரியனுக்கும் அப்பால், எங்கிருந்து என்றே தெரியாத ஓரிடத்திலிருந்து, ராத்திரி பகல் பாராமல் பூமியின் மேல் ஒருவகைக் கதிர் பெய்துகொண்டே இருக்கிறது. அது கூரையைத் துளைக்கும், மனிதனைத் துளைக்கும், பாறையைக்கூடத் துளைக்கும். அண்டக் கதிர் என்று பெயர். சூரியன் கொந்தளிக்கும்போது இந்தக் கதிர் குறைந்துவிடுகிறது.

"சூரியன் கொந்தளித்தால் கதிர் கூடத்தானே வேண்டும், ஏன் சார் குறைகிறது?" என்று கேட்டேன். "அதுதான் எங்களுக்கும் குழப்பம்" என்றார் புரொபசர். எனக்கு அன்றைக்குத்தான் அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

இப்போது காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறதாம். அது தன் காந்தத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறதாம். கொந்தளிப்பு நாளில் அது புயலாகிவிடும். வெளியிலிருந்து வருகிற கதிர்கள், ஆடிக் காற்றில் எதிர்த்து நடக்கிறவன் மாதிரி தடுமாறி, பாதி வழியிலேயே திசை மாறிப் போய்விடுகின்றன. அந்தக் காலத்தில் இந்தக் காற்றைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலத்தான் இருந்தோம்.

இருந்தாலும் எண்ணினோம். ஒரு பெட்டி. அதற்குள் ஒரு குழாய். ஒரு கதிர் குழாயைத் துளைத்தால் ஒரு சின்ன விளக்கு மின்னும். அந்த மின்னல் ஒரு படச்சுருளில் கோடாகப் பதியும். சுருளை நகர்த்த ஒரு கடிகாரப் பொறி. பெட்டியை ரப்பர் பலூன்களில் கட்டி மேலே விடுவோம். கண்ணுக்குத் தெரியாத உயரம் போய்ப் பலூன் வெடிக்கும், பெட்டி எங்கேயாவது இறங்கும். கண்டெடுத்தவர் தகவல் தர வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு கட்டியிருப்போம்.

வாத்தியாரின் மொழிபெயர்ப்பு

அந்த முறை விட்ட பெட்டி தென்கிழக்கே போய் மறைந்தது. கிடைக்காது என்று கைகழுவிவிட்டோம். அப்புறம் ஏரியூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் ஒரு கார்டு போட்டிருந்தார். "உன் ஊர்தானே, நீயே போய் எடுத்து வா" என்றார் புரொபசர். பெங்களூர்க்காரர்களுக்குத் தர்மபுரிப் பக்கம் எந்த ஊரானாலும் அது எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. பெட்டியைத் திறக்கக் கூடாது, வெளிச்சமோ சூடோ படக் கூடாது, படச்சுருள் கெட்டால் எல்லாம் வீண் என்று சொல்லி அனுப்பினார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, பென்னாகரம். ஏற்றம் வந்தால் நாங்கள் இறங்கி பஸ்ஸைத் தள்ளினோம். அதற்கு மேல் மாட்டுவண்டி, அதற்கும் மேல் நடை. வழியெல்லாம் ராகிக் கொல்லைகள்; எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்கு அதுதான் பெயர். பயிர் முழங்காலைத் தாண்டவில்லை. இலை நுனியெல்லாம் சுருண்டு கிடந்தது. ஐப்பசி மழை அந்த வருஷம் ஏமாற்றிவிட்டிருந்தது.

வாத்தியார் ஊர் எல்லைக்கே வந்து காத்திருந்தார். முப்பது வயதுக்காரர், நல்ல தமிழ்ப் பற்று. பிற மொழிச் சொல் ஒன்று வாயில் வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வார். முகத்தில் கவலை தெரிந்தது. பெட்டி விழுந்த அன்று ஊரே கூடிநின்று சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதாம். இவர் உரக்க வாசித்து, வாசித்ததைத் தமிழிலும் சொல்லியிருக்கிறார்: 'இது கதிர் எண்ணும் கருவி.'

"நான் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லீங்களே?" என்று என்னைக் கேட்டார்.

தப்பே இல்லை. நான் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் அதைச் சொன்னது ராகி விளைகிற ஊரில், அதுவும் லெவி மாதத்தில்.

லெவி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விளைந்த தானியத்தில் ஒரு பங்கைச் சர்க்கார் வைத்த விலைக்குச் சர்க்காருக்கே போட்டாக வேண்டும். எவ்வளவு என்பதை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து எழுதிவிட்டுப் போவார். அந்த வருஷம் போன வருஷத்து விளைச்சலை வைத்தே எழுதப்போகிறார்கள் என்று பேச்சு. போன வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. இப்போது கதிரே இல்லாத கொல்லைக்குக் கதிர் நிறைந்த கொல்லையின் கணக்கு. இன்ஸ்பெக்டர் மறுநாள் வருவதாக இருந்தது.

இந்த நேரம் பார்த்து வானத்திலிருந்து ஒரு பெட்டி கொல்லையில் இறங்குகிறது. உள்ளே டிக் டிக்கென்று சத்தம் வேறு. கதிர் எண்ணும் கருவி என்று படித்தவரே சொல்லிவிட்டார். ஊர் என்ன நினைக்கும்?

சீட்டில் பெங்களூர் விலாசம் இருந்ததால், 'மைசூர் சர்க்கார் என்னாத்துக்கு நம்ம கதிரை எண்ணுது?' என்று ஒருவர் கேட்டதற்கு, 'எல்லா சர்க்காரும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான்' என்று இன்னொருவர் பதில் சொன்னாராம். பெட்டி பார்க்கக் கூடாதென்று சாக்கைப் போட்டு மூடி நிழலில் வைத்திருக்கிறார்கள். எங்கள் படச்சுருள் பிழைத்தது அந்தச் சாக்கினால்தான். அரைகுறையாய் முற்றிய கதிரை அவசரமாக அறுத்தவர்களும் உண்டு. நான் தெருவில் நடந்துபோகும்போது ஒரு பெரியவர், நான் கேட்காமலே, "எங்க வூட்டு அடுப்புக்குப் பின்னால ஒண்ணும் இல்லீங்க" என்றார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

மாதம்மாள் மட்டும் வேறு கட்சி. பெட்டி இறங்கியது அவள் கொல்லையில். எண்ணினால் எண்ணிவிட்டுப் போகட்டும், உள்ளதைத்தானே சொல்லும் என்று அவள் பெட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். கடிகாரப் பொறி முறுக்குத் தீர்ந்து நின்றதற்கும் அவளிடம் ஒரு விளக்கம் இருந்தது.

"கொஞ்ச நேரம் எண்ணிப் பாத்துதுங்க. அப்பறம் எங்கொல்லையில எண்ண ஒண்ணுமில்லன்னு அதுவே நின்னுபோச்சு."

உலக்கை கொடுத்த தீர்ப்பு

நான் விஞ்ஞானக்காரன். தெளிவுபடுத்துவது என் கடமை என்று நினைத்தேன். புளியமரத்தடியில் கூடியிருந்தவர்களைப் பார்த்து, இது எண்ணுவது ராகிக் கதிரை அல்ல என்றேன். பின்னே எதை என்றார்கள். கதிர் என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டுமே என்று வேறு சொல் தேடினேன். வாத்தியார் காதோரம் வந்து, 'கிரணம் என்று சொல்லலாம், ஆனால் அது வடசொல்' என்று வருத்தத்தோடு எடுத்துக் கொடுத்தார்.

"வானத்துலேர்ந்து கிரணம் வருதுங்க. அந்தக் கிரணத்தைத்தான் இந்தப் பொட்டி எண்ணுது" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "கிரகணமா? எப்பங்க?"

கிரகணம் இல்லை, கிரணம் என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. சொல் அதற்குள் தெருவுக்கு ஓடிவிட்டது. ஒரு வீட்டில் கர்ப்பமாக இருந்த மருமகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் கொதிக்கிற உலையை இறக்கிவிட்டார்கள். கிரகணம் பிடிக்கும் நேரத்தை எண்ணுகிற பெட்டி என்று புதிதாக ஒரு வதந்தி கிளம்பியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

அப்போது ஒரு நடுத்தர வயதுக்காரர், சும்மா ஆளாளுக்குப் பேசுவானேன், உலக்கையைக் கொண்டுவாருங்கள் என்றார். கிரகண நேரத்தில் தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தினால் யாரும் பிடிக்காமலே நிற்கும், கிரகணம் விட்டதும் விழும். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்தது. உலக்கை வந்தது, தாம்பாளம் வந்தது, தண்ணீர் வந்தது. நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார்கள். விழுந்தது. மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை என் காலில் விழுந்தது.

"கிரகணம் கிரகணம்ங்கறதெல்லாம் சும்மாங்க" என்று அந்த மனிதர் தீர்ப்புச் சொன்னார். "வாத்தியாரு சொன்னதுதான் சரி. கதிர்தான்."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மருமகளை வெளியே விட்டார்கள். சோதனை செய்து பார்த்துத்தான் எதையும் நம்ப வேண்டும் என்று புரொபசர் எனக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இவர்கள் என் கண் முன்னாலேயே சோதனை செய்து என்னைத் தோற்கடித்துவிட்டார்கள். கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

களியும் குதிரும்

பொழுது சாய்வதற்குள் மாதம்மாள் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். பெட்டியும் அவள் இடுப்பில் கூடவே வந்தது. முப்பத்தைந்து நாற்பது வயதிருக்கும். இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கூலிக்குப் போனவன். ஆரம்பத்தில் யாராவது மூலம் தகவல் வந்துகொண்டிருந்ததாம். அப்புறம் வரவில்லை.

களியும் கீரைச் சாறும் போட்டாள். களி உருண்டை சின்னது. குழந்தைகளுக்கு அதைவிடச் சின்னது. பெட்டியைக் கொடுத்துவிடுங்கள் அக்கா, காலையில் பென்னாகரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றேன்.

அவள் வீட்டு மூலையைக் காட்டினாள். இடுப்பு உயரத்துக்கு, தானியம் கொட்டிவைக்கும் ஒரு மண் குதிர்.

"உள்ள கைய வுட்டுப் பாருங்க."

விட்டேன். தோள்வரை போயிற்று. வேப்பிலை வாசனை அடித்தது. தானியத்தில் கை புதையும் என்று நினைத்திருந்தேன். விரலில் தட்டியது மண் தரைதான். கையை வெளியே எடுத்தபோது நகக்கண்ணில் ஏழெட்டு ராகி மணி ஒட்டியிருந்தது. அவற்றை அவள் என் விரலிலிருந்து தட்டி மறுபடி குதிருக்குள்ளேயே போட்டாள்.

"மேல பரண்ல ஒரு பானையில வெதை இருக்குது. கொல்லையில நிக்கறதை நீங்களே பாத்தீங்க. போன வருஷக் கணக்குல கேட்டாங்கன்னா வெதையையும்தான் எடுத்துப் போடணும். வெதை போயிடுச்சுன்னா வர்ற வருஷம் மழை பேஞ்சாத்தான் என்னா, பேயாட்டித்தான் என்னா?" பிறகு பெட்டியைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். "பொட்டி உங்களுதுதாங்க. நான் வெச்சுக்க மாட்டன். நாளைக்கு அந்தய்யா வந்து போற மட்டும் இருக்கட்டும். அது பாத்ததை அது சொல்லட்டும்."

இந்தம்மா நம்பியிருப்பது எங்கள் பெட்டியை. எங்கள் பெட்டிக்கோ ராகி என்றால் என்னவென்றே தெரியாது. இனியும் மறைப்பது பாவம் என்று, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். இது கண்ணுக்குத் தெரியாத கதிர். கூரை வழியாக வரும். உங்களையும் என்னையும் துளைத்துக்கொண்டு போகும். நமக்குத் தெரியாது. பாறைக்குள்ளும் போகும்.

அவள் கவனமாகக் கேட்டாள். "கோலாரு சொரங்கத்துக்குள்ளயும் போவுங்களா?"

ஓரளவு ஆழம் வரை போகும் என்றேன்.

"அப்படின்னா அந்தாளு மேலயும் படும்" என்றாள். சட்டியை வழித்து என் தட்டில் இன்னும் கொஞ்சம் களி வைத்தாள். பிறகு மறுபடி விஷயத்துக்கு வந்தாள். "அது எதை வேணா எண்ணட்டுங்க. இந்த வருஷம் கதிர் ஜாஸ்தியா கொறச்சலா? அதை மட்டும் சொல்லுங்க."

"கொறச்சலாத்தான் இருக்கணும்."

"ஏன்?"

"சூரியன் ஒரு நெலையில இல்லீங்க அக்கா."

"நானும் அதைத்தான சொல்றன்" என்றாள் மாதம்மாள்.

நாங்கள் இருவரும் ஒன்றைச் சொல்கிறோமா இரண்டைச் சொல்கிறோமா என்று அன்று ராத்திரி பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் படுத்தபடி யோசித்துப் பார்த்தேன். தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டரின் சைக்கிள்

மறுநாள் இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். முள் ஏறிப் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டிருந்தது. பின்னாலேயே ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எவ்வளவு படித்தாலும் நான் சைக்கிள் கடைக்காரர் மகன். பஞ்சர் என்றால் கை சும்மா இருக்காது. அவர் பையில் பசை இருந்தது, ஒட்டுவதற்கு ரப்பர் துண்டு தீர்ந்துபோயிருந்தது. புளியங்கிளையில் எங்கள் பலூனின் கிழிசல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மடித்து வைத்து ஒட்டினேன். பென்னாகரம் வரை தாங்கும் என்று சொன்னேன்.

"இது என்ன ரப்பர்?" என்று கேட்டார். வானத்திலிருந்து வந்தது என்றேன். அப்படித்தான் பேச்சு பெட்டிக்கு வந்தது. மாதம்மாள் அவர் முன்னால் பெட்டியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ஊர் சுற்றி நின்றது. வாத்தியார் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இது நிஜமாவே கதிர் எண்ணுமா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"எண்ணும் சார்."

"இந்த வருஷம் எப்படி?"

மாதம்மாளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கதிர் குறைச்சல்னு எங்க புரொபசர் சொல்றார் சார்" என்றேன். "சூரியன்தான் காரணம்."

இன்ஸ்பெக்டர் குனிந்து சாக்கை விலக்கி அந்த ஆங்கிலச் சீட்டைத் தானே வாசித்தார். உதடு அசைந்தது. அவர் இங்கிலீஷ் படித்தவர். கதிருக்கும் கதிருக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சீட்டில் பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறது. வாசித்து முடித்து என்னைப் பார்த்தார். அப்புறம் கொல்லையைப் பார்த்தார். அங்கே நின்ற ராகியைப் பார்ப்பதற்கு யாருக்கும் எந்தக் கருவியும் தேவையில்லை. பிறகு சாக்கை எடுத்துப் பெட்டியைப் பழையபடி பதமாக மூடினார்.

"என்னய்யா" என்றார் கர்ணத்தைப் பார்த்து. "பெங்களூர்க்காரனே மிஷின் வெச்சுப் பார்த்துட்டு கதிர் கம்மிங்கறான். நாம வெறும் கண்ணால பார்த்துட்டு ஜாஸ்தின்னு எழுதினா நல்லாவா இருக்கும்?"

போன வருஷக் கணக்கை விட்டுவிட்டு, கொல்லை கொல்லையாகப் போய் நிற்கிற பயிரைப் பார்த்து எழுதினார்கள். மாதம்மாளுக்குப் போட வேண்டியது ஒன்றுமில்லை என்று ஆயிற்று. பரண்மேல் பானை பரண்மேலேயே இருந்தது. அந்த இன்ஸ்பெக்டர் சீட்டைப் புரிந்துகொண்டு புரியாதவர்போல நடந்துகொண்டாரா, இல்லை நிஜமாகவே புரியவில்லையா? இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். சைக்கிளில் ஏறும்போது அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அது பஞ்சருக்காகவும் இருக்கலாம்.

மாதம்மாள் பெட்டியை என் கையில் கொடுத்தாள். ஊர் எல்லை வரை கூடவே நடந்து வந்தாள். திரும்பும்போது சொன்னாள்:

"வர்ற வருஷமும் இதை அனுப்பி வெக்கச் சொல்லுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா வெளஞ்சிருந்தா மட்டும் வேண்டாங்க" என்றாள்.

சிவப்பு விளக்கு

பெங்களூரில் இருட்டறைச் சிவப்பு விளக்கில் படச்சுருளைக் கழுவினோம். கெட்டுப்போகவில்லை. கோடு கோடாகக் கதிர்கள் பதிந்திருந்தன. புரொபசர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாட்கணக்கில் எண்ணினார். சூரியன் அமைதியாக இருந்த பழைய வருஷத்துச் சுருளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

குறைவு இருந்தது. ஆனால் இருந்ததா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சொற்பம். சூரியன் செய்ததா, எங்கள் பெட்டி செய்ததா என்று சொல்ல முடியவில்லை. துருவப் பக்கம் போனால் நன்றாகக் குறைவது தெரியும் என்றும், நம் ஊர்ப் பக்கம் பூமியின் காந்தமே ஒரு வேலி மாதிரி நின்று பலவீனமான கதிர்களை முன்பே தடுத்துவிடுகிறது என்றும் பிற்பாடு படித்தேன். வேலியைத் தாண்டி வருபவை முரட்டுக் கதிர்கள். அவை சூரியனின் கொந்தளிப்பை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லையாம். சரிதான் என்று நினைக்கிறேன். முழுக்கப் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

அன்றைக்குப் புரொபசருக்கும் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டார். "நீ என்ன நினைக்கிறாய்? இந்த வருஷம் கதிர் குறைந்திருக்கிறதா, இல்லையா?" அவர் எப்போதும்போல ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

"குறைந்துதான் சார் இருக்கிறது" என்றேன், யோசிக்காமல்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதை வைத்து இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய்?"

குதிருக்குள் கையை விட்டுப் பார்த்தேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.